முதல் அம்பாரம்

அத்தியாயம் 17

ஜெனிதாவுக்கு வாய் அதிகம். இத்தனை வாரமாகப் படித்துவரும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் புத்தகத்தை இந்த வாரம்தான் இரவல் வாங்கியவர்களுக்காக ஒரு சின்னச் சுருக்கம்.

மரக்காணத்து உப்பளக் கரையில் அளத்துமேடு என்று ஓர் ஊர். அங்கே உப்புக் கூடை சுமக்கும் ஆனந்தம்மாளின் மகள்தான் ஜெனிதா. வாலிபாலில் இந்திய அணிக்கு ஆடினாள். அது போதாதென்று ஈட்டி எறிதலிலும் இந்தியச் சட்டை போட்டு, ஜப்பான் வரை போய் வெண்கலத்தோடு திரும்பினாள். ரயில்வேயில் வேலை, பெரம்பூரில் குவார்ட்டர்ஸ் என்று சௌகரியமாக இருந்தவள், எல்லாவற்றையும் ராஜினாமா செய்துவிட்டு ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஏணி சின்னத்தில் நிற்கிறாள். உப்பளத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கொண்டுவராமல் ஓயமாட்டாளாம்.

எதிரே பூட்டு சின்னத்தில் குழந்தைசாமி. பதினாறு வருடத்துக்கு முன்பு கடைசியாக நடந்த தேர்தலில் ஜெயித்தவர். ஊர் உப்பளத்தில் பாதி அவர் குத்தகை. ஜெனிதாவின் அண்ணன் விக்டர் அவரிடம்தான் மேஸ்திரி. ஆனந்தம்மாளோ, மகள் ரயில்வே வேலையை விட்ட நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

இன்று ஓட்டுப் பதிவு.

காலையில் ஜெனிதா தலை வாரிக்கொண்டிருந்தபோது விக்டர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"ஜெனி, இன்னிக்கு முதல் அம்பாரம்."

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"இன்னிக்கா? யார் சொன்னது?"

"மொதலாளிதான். நேத்து சாயங்காலம் நாள் குறிச்சாரு. பஞ்சாங்கம் பாத்தாராம்."

"பஞ்சாங்கத்தப் பாத்தாரா, ஓட்டுப் பெட்டியப் பாத்தாரா?"

உப்பளத்தில் வருடத்தின் முதல் உப்பை வாரிக் குவிக்கும் நாளுக்கு ஒரு முறை உண்டு. அன்று பாத்தியில் கால் வைத்தவர்கள், குவியல் எழும்பி அதன் உச்சியில் கற்பூரம் ஏற்றும்வரை அளத்தைவிட்டு வெளியேறக் கூடாது. ஒருத்தி போனாலும் அந்த வருட உப்பு அவளோடு போய்விடும். கற்பூரம் ஏற்றிய பிறகும் நடந்து வீடு திரும்பக் கூடாது. காலில் ஒட்டிய முதல் உப்பு வழியில் சிந்தலாகாது. முதலாளிதான் வண்டி கொடுத்து அனுப்ப வேண்டும். வாசலில் நல்ல தண்ணீரில் கால் கழுவிய பிறகே அவர்கள் தரையில் இறங்கி நடப்பார்கள். அளத்தில் கழுவிக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். அங்கே நல்ல தண்ணீர் ஏது?

அம்பாரம் முடிய எப்படியும் பொழுது சாய்ந்துவிடும். ஓட்டுச் சாவடியோ ஐந்து மணிக்கு மூடிவிடும்.

"நம்ம தெருப் பொம்பளைங்க?" என்றாள் ஜெனிதா.

"எல்லாரும் எறங்கிட்டாங்க. முதல் அம்பாரத்துக்கு வரலன்னா அப்புறம் சீசன் பூரா வேலை இல்லையே. அம்மாவும் எறங்கிடுச்சு."

"நீதான் கூப்புட்டியா?"

"மேஸ்திரி வேற இன்னாடி செய்வான்? ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன்." அவன் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான். "இன்னொண்ணும் சொல்லிடறேன். அம்பாரத்துக்கு அளவா ஒரு சவுக்குக் கழி நடுவோம் இல்ல, உப்பு அத மூடற வரைக்கும் குவிக்கணும். இந்த வருஷம் பெரிய கழியா நடச் சொன்னாரு. நட்டுட்டேன்."

ஜெனிதாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உப்பளத் தெரு ஓட்டு விழாவிட்டால் ஏணிக்கு மிச்சம் இருப்பது மாதா கோயில் தெருவில் கொஞ்சம், கடைத்தெருவில் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. தோற்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை, தெருவுக்குக் குழாயும் இல்லை.

அவள் மீதித் தலையை வாரி இறுக்கிக் கொண்டை போட்டாள். பழைய டிராக் பேண்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"சைக்கிள எடுண்ணே."

"எங்க? ஸ்கூலுக்கா?"

"அளத்துக்கு."

வழியில் பள்ளிக்கூடத்துச் சாவடியில் எட்டிப் பார்த்தார்கள், ஓட்டுப் பதிவு இன்னும் தொடங்கவில்லை. அங்கே ஏணிக்கு ஏஜென்ட்டாக உட்கார்ந்திருந்தவர் மளிகைக் கடை லியாகத் அலி. விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! கேண்டிடேட்டே அளத்துல எறங்கிட்டா, உன் ஓட்ட யாரும்மா போடறது?"

"அம்பாரம் முடிஞ்சா நானே வந்து போடறேன் பாய். முடியலன்னா என் ஒரு ஓட்டு இருந்து இன்னா ஆவப் போவுது?"

அளத்து வரப்பில் குடை பிடித்துக்கொண்டு காவல் நின்றவன் அர்ச்சுனன், குழந்தைசாமியின் மைத்துனன். ஜெனிதாவைக் கண்டதும் குடையைக் குறுக்கே நீட்டினான்.

"இந்தாம்மா, ஓட்டு நாளன்னிக்கு ஓட்டுக் கேக்கக் கூடாது. சட்டம். நீ அதுங்ககிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசினாலும் ஓட்டுக் கேட்டேன்னு ஆபீசர்கிட்ட சொல்லிருவேன். உன் பேர எடுத்துருவாங்க."

சட்டம் அவன் சொன்ன அளவுக்குக் கடுமையானதா என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் இன்று அதைச் சோதித்துப் பார்க்க அவளிடம் நேரம் இல்லை.

"ஓட்டுக் கேக்க வரலண்ணே. வேலைக்கு வந்திருக்கேன். இதோட வாய மூடிட்டேன், போதுமா?"

அர்ச்சுனன் விக்டரைப் பார்த்தான். விக்டர் வேறெங்கோ பார்த்தபடி சொன்னான்: "முதல் அம்பாரத்துக்குக் கை குடுக்க வர்றவங்கள வேணாம்னு சொல்றது வழக்கமில்ல."

ஜெனிதா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினாள். உப்பின் முனை உள்ளங்காலில் குத்தியது. சின்ன வயதில் இதே இடத்தில் வேலை செய்தவள்தான். இருந்தும் ரயில்வே ஷூ பழகிய காலுக்கு அது உறைத்தது.

பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். "ஜெனி! நீ இன்னாடி இங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஜெனிதா உதட்டின் மேல் விரலை வைத்தாள். வரப்பில் நின்றவனைக் கண்ணால் காட்டினாள். கூட்டத்தில் மூத்தவள் கொளஞ்சிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அடிப்பாவி, நீயா பேசாம இருக்கப் போற?" என்று அவள் சிரித்த சிரிப்பில் பாத்தியே அதிர்ந்தது.

குவியல் இன்னும் இடுப்பளவுகூட வரவில்லை. நடுவில் நின்ற கழியோ விக்டரைவிட உயரம். ஆளுக்கொரு கூடையைத் தலையில் வைத்து, வரப்பு நெடுக நடந்து வந்து கொட்டிவிட்டு, வெறும் கூடையோடு அதே தூரம் திரும்பிப் போவதுதான் காலங்காலமாக நடப்பது. நடையிலேயே பாதி நாள் போய்விடும்.

ஜெனிதா கொளஞ்சியின் தோளைப் பிடித்து ஓர் இடத்தில் நிறுத்தினாள். நாலடி தள்ளி இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. வாலிபால் ஆடும்போது எந்தப் பக்கம் பந்து வரும் என்பதை முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டியே அணிக்குச் சொல்பவள் அவள். அதே விரல்கள் இப்போது வேலை செய்தன. நீ வாரு, நீ நிரப்பு, நீ வாங்கி அவளிடம் கொடு. கொஞ்ச நேரத்தில் பாத்தியிலிருந்து அம்பாரம் வரை பெண்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். கூடை கை மாறி வந்தது. ஒருத்தியும் நடக்கவில்லை.

கடைசியில் அம்பாரத்தடியில் ஜெனிதா. அவளுக்குக் கூடை எடுத்துக் கொடுக்கும் இடத்தில், யாருடைய ஏற்பாடோ, ஆனந்தம்மாள்.

அம்மா கூடையை நீட்டினாள். மகள் வாங்கிக் கொட்டினாள். ஒருத்தி பேசமாட்டாள், ஒருத்தி பேசக் கூடாது. பிரமாதமான ஜோடி.

வெறும் கூடைகள் சேர்ந்துபோயின. அவற்றை மறுபடி கை மாற்றி அனுப்பினால் வரிசை நின்றுவிடும். ஜெனிதா ஒரு கூடையை எடுத்தாள். இரண்டடி பின்னால் போனாள். ஈட்டி எறிந்த கை வளைந்து நிமிர்ந்தது. ஓலைக் கூடை எல்லாருடைய தலைக்கும் மேலே பறந்து, பாத்தியின் மறுகோடியில் உப்பு வாரும் பலகையோடு நின்றவள் காலடியில் போய் விழுந்தது.

"யம்மாடி!" என்றது கூட்டம். அடுத்த கூடையை அங்கிருந்தவள் தாவிப் பிடித்தாள். அதற்கடுத்ததைப் பிடிக்க இரண்டு பேர் போட்டி போட்டார்கள். குடைக்கடியில் நின்ற அர்ச்சுனன்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

ஆனந்தம்மாளுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"ஏய், கூடைய எறியாதடி! சோறு போடற கூடை!"

ஜெனிதா திடுக்கிட்டுத் திரும்பினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அம்மா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. பதில் சொல்லத் துடித்தாள். வரப்பைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"பெத்தவ பேசறேன், பதில் வரல பாரு!"

"அவ பேசினா அர்ச்சுனன் போட்டுக் குடுத்துருவான் ஆனந்தம்மா," என்றாள் கொளஞ்சி.

இந்தப் பெண் எதிர்த்துப் பேச முடியாத ஒரு நாள் கிடைக்கும் என்று ஆனந்தம்மாள் கனவிலும் நினைத்ததில்லை. விடுவாளா? கூடைக்கு ஒரு வசவாக வந்தது. கொழுப்பெடுத்தவள், அப்பன் பாஸ்கல் உயிரோடு இருந்திருந்தால் காலை ஒடித்திருப்பான், ரயில்வே மாப்பிள்ளை தேடி வந்தானே, அவனையும் துரத்திவிட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. ஜெனிதாவும் சிரித்துக்கொண்டே கொட்டினாள்.

திடீரென்று ஆனந்தம்மாள் கூடையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"ஜப்பான்லேருந்து ஒரு மெடல் வாங்கியாந்தியே, அத எத்தன பேர்கிட்ட காட்டியிருப்பேன் தெரியுமா? இன்னும் மேல போவான்னு இருந்தேன்டி. நீ தோத்துட்டா நாளைக்கு நீயும் என்னாட்டம் கூடை சொமக்கணும். அதுதான்டி எரியுது எனக்கு. உன்மேல கோவம் இல்ல. பயம்."

ஜெனிதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. சொல்ல ஆயிரம் இருந்தது. ஒன்றையும் சொல்ல வழியில்லை. அம்மா நீட்டிய கூடையை வாங்கும்போது அந்தக் கையை ஒரு கணம் அழுத்திப் பிடித்தாள். பிறகு கொட்டினாள்.

வரப்பில் நின்ற விக்டர் இத்தனையும் கேட்டான். மதியம் தாண்டிவிட்டது. குடிக்கக் கொண்டுவந்த குடங்கள் காலி. பெண்களின் உதடுகள் வெளுத்துவிட்டன. கழியின் மேல்முனை இன்னும் வெளியே நின்றது.

"விக்டரு, அந்தக் கழிய வெட்டித் தொலையேன்!" என்றாள் கொளஞ்சி.

"வெட்டினா அம்பாரம் செல்லாதுன்னு சொல்லிருவாங்க. நட்ட தப்பு நட்டாச்சு. மூடிடலாம்." அவன் வாட்ச்சைக் கழற்றிப் பைக்குள் போட்டான். சட்டையையும் கழற்றினான். மேஸ்திரி பாத்தியில் இறங்கியதை அந்த அளம் அன்றுதான் பார்த்தது.

அவன் குவியலின் மேலேயே ஏறி நின்றுகொண்டான். ஜெனிதா கீழேயிருந்து கூடையைத் தூக்கி வீச, அவன் மேலே பிடித்துக் கொட்டினான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு காரியம் செய்து எத்தனை வருடமாகிவிட்டது! வெயில் மேற்கே சரியத் தொடங்கியபோது கழி உப்புக்குள் மறைந்தது. கொளஞ்சி கற்பூரம் ஏற்றினாள். ஆனந்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். நாலு மணி ஆகவில்லை.

ஆனால் முதலாளி அனுப்ப வேண்டிய லாரி?

லாரி பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. குழந்தைசாமி காலையிலிருந்து பூட்டு நோட்டீஸ் ஒட்டிய அந்த லாரியில்தான் மற்ற தெருக்காரர்களைச் சாவடிக்குக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அர்ச்சுனன் போகமாட்டான், மற்ற எல்லார் காலிலும் முதல் உப்பு.

"நான் போறேன்," என்றான் விக்டர். "சைக்கிள் மெதிச்சா கால் தரையில படாது."

கொளஞ்சி சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அவன் வரப்பிலிருந்து அப்படியே ஏறி உட்கார்ந்தான். மிதித்தான். பள்ளிக்கூடம் வரை ஓர் இடத்தில்கூடக் கால் ஊன்றவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. நடுவில் நாற்காலியில் குழந்தைசாமி. விக்டர் அவரை நெருங்கினான். நிறுத்தினால் கால் ஊன்ற வேண்டும். நிறுத்தவில்லை. அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

"மொதலாளி, அம்பாரம் முடிஞ்சிருச்சுங்க!"

குழந்தைசாமி கழுத்தைத் திருப்புவதற்குள் அவன் பின்பக்கம் போய்விட்டான்.

"இன்னாது? ஏம்பா, எறங்கிப் பேசு!"

"எறங்கக் கூடாதுங்க. கால்ல முதல் உப்பு. கற்பூரம் ஏத்தியாச்சு. லாரி அனுப்புங்க!"

"பெரிய கழி?"

"பெரிய கழிதான். மூடிடுச்சுங்க!" மூன்றாவது வட்டம்.

கூட்டம் சிரித்தது. சிரிப்போடு விஷயமும் புரிந்துவிட்டது. மைதானம் முழுக்கக் குழந்தைசாமியின் வாயையே பார்த்தது. அவர் லாரியைப் பார்த்தார், விக்டரைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மனிதர் ஓட்டுக்காக எதையும் செய்வார். ஆனால் முதல் உப்பு விஷயத்தில் அவருக்குப் பயம் உண்டு. அப்பா காலத்திலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. காலையில்தான் அதே முறையைச் சொல்லி அத்தனை பெண்களையும் பாத்தியில் இறக்கியிருந்தார்.

"அனுப்பிவிடுங்கண்ணே. வருஷம் பூரா உப்பு விளைய வேணாமா?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

விக்டர் ஏழாவது வட்டமோ எட்டாவதோ வந்தபோது குழந்தைசாமி கையை அசைத்தார். டிரைவர் லாரியைக் கிளப்பினான்.

அந்தக் காட்சியை எழுத எனக்கே கை துறுதுறுக்கிறது. நாலு பக்கமும் பூட்டு நோட்டீஸ். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு அளத்துமேட்டுப் பெண்கள். "வூட்டு வாசல்ல எறக்கணுமா?" என்று டிரைவர் கேட்டதற்கு ஆனந்தம்மாள்தான் பதில் சொன்னாள்.

"ஸ்கூல் வாசல்ல எறக்குப்பா. இன்னிக்கு அதுதான் எங்க வாசல்."

லியாகத் அலி விவரமான ஆள். விக்டர் வட்டம் போட ஆரம்பித்தபோதே வீட்டுக்கு ஆளனுப்பிவிட்டார். அவர் மனைவி ஜெயினம்பு தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து வைத்திருந்தாள். லாரியின் பின்பலகையில் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து காலை நீட்ட, ஜெயினம்பு தண்ணீர் ஊற்றினாள். பாதிப் பேர் ஊற்றிய தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டுத்தான் காலைக் கழுவினார்கள். விக்டரும் அங்கேதான் வந்து, ஒரு வழியாக, சைக்கிளிலிருந்து இறங்கினான்.

ஐந்து மணி அடித்தபோது வரிசை கேட்டுக்கு உள்ளே இருந்தது. உள்ளே நிற்பவர்கள் எல்லாருக்கும் ஓட்டு உண்டு என்று அதிகாரி சொல்லிவிட்டார். கடைசி ஆளாக ஜெனிதா. அவளுக்கு முன்னால் ஆனந்தம்மாள்.

ஓட்டுப் போட்டுவிட்டு இருவரும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள். இனிப் பேசலாம். பேச வாய் வரவில்லை அந்த வாயாடிக்கு.

"கை வலிக்குதாடி?" என்றாள் ஆனந்தம்மாள்.

"ரொம்ப வலிக்குதும்மா," என்றாள் ஜெனிதா. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுரோட்டில் அழுதாள்.

மறுநாள் மரக்காணம் ஒன்றிய அலுவலகத்தில் எண்ணிக்கை. முதலில் பூட்டுதான் முந்தியது. குழந்தைசாமியின் ஆட்கள் சரவெடியைப் பிரித்தே வைத்துவிட்டார்கள். அப்புறம் உப்பளத் தெருப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஏணி, ஏணி, ஏணி. இடையில் எங்காவது ஒரு பூட்டு. மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற லியாகத் அலி எண்ணுவதை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெனிதா ஜெயித்தாள். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

வெளியே மேளம் இல்லை. கொளஞ்சி கூடையைக் கவிழ்த்து அடித்தாள், அதுவே மேளம். ஜெனிதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனார்கள். புதுச்சேரி பஸ் நின்று வழிவிட்டது. ஆனந்தம்மாள் ஜன்னல் ஜன்னலாகப் போய், "எம்பொண்ணுதான், எம்பொண்ணுதான்," என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே அர்ச்சுனன் வந்து விக்டரின் காதில் ஏதோ சொன்னான். விக்டரின் முகம் சுருங்கியது.

"இன்னாண்ணே?" என்றாள் ஜெனிதா, தோளிலிருந்து குனிந்து.

"மொதலாளி கூப்புடறாராம். இப்பவே."

"நானும் வர்றேன்."

"வேணாம். என் வேலை விஷயம், நானே பாத்துக்கறேன்."

வழி முழுக்க அவன் கணக்குப் போட்டுக்கொண்டே போனான். மேஸ்திரி வேலை போனால் கூடை தூக்கலாம், நேற்று தூக்கிப் பார்த்தாகிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் அவனுக்குப் பயம் வரவில்லை.

குழந்தைசாமி வீட்டுக் கூடத்தில் தனியாக இருந்தார். ஒரே நாளில் வயது கூடியவர்போல் தெரிந்தார். எதிரே ஒரு நாற்காலி. அளத்து ஆட்கள் யாரும் அதில் உட்கார்ந்து விக்டர் பார்த்ததில்லை.

"உக்காரு."

"பரவால்லிங்க. வேலைய விட்டுப் போவச் சொன்னா நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன்."

"உக்காருப்பா. வேலையப் பத்தி இல்ல." குழந்தைசாமி குரலைத் தாழ்த்தினார். "மெட்ராஸ்லேருந்து நம்ம கட்சிக்காரங்க கார்ல வந்துட்டு இப்பதான் போறாங்க. உன் தங்கச்சிய எம்.எல்.ஏ.வுக்கு நிறுத்தலாமான்னு எங்கிட்ட வந்து கேக்கறாங்க. என் வார்த்தைய வச்சுத்தான் முடிவாம்."

விக்டர் நாற்காலியில் உட்கார்ந்தான். நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தான்.

"நாளைக்குப் பதில் சொல்லணும்," என்றார் குழந்தைசாமி. "நான் இன்னா சொல்லணும்? நீயே சொல்லு."